உன் ஆறு எது?

மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். நியூசிலாந்திலிருந்து என் தங்கை வந்து இறங்கினாள், கூடவே அவளுடைய பத்து வயதுப் பெண்ணும். பெட்டிகளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அடுப்படியில் நான் காப்பி கலந்துகொண்டிருக்கிறேன், குட்டி வாசற்படியில் வந்து நின்றுகொண்டு, "பெரியம்மா, நம்ம ஆறு எது?" என்று கேட்டாள்.

"காவேரிதான் கண்ணு, வேற எது?"

"அப்ப நம்ம மலை?"

நான் விழித்தேன். தஞ்சாவூரில் மலைக்கு எங்கே போவது? நாலு திசையும் தட்டாமாலை சுற்றினாலும் வயலும் வாய்க்காலும் தென்னை மரமும்தான். பரண் மேல் ஏறினால்தான் எங்களுக்கெல்லாம் உயரம்!

"படகு?" என்றாள் அடுத்து. காப்பி பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது.

விஷயம் இதுதான். அவர்கள் இருப்பது வெலிங்டன் நகரத்தில். அங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கடற்கரையோரம் இருக்கும் தேசிய மியூசியத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். 1998ல் திறந்த பெரிய மியூசியம். அதன் பேர் 'தெ பாப்பா'. பேரைக் கேட்டதுமே என் மாமியாருக்குப் பிடித்துவிட்டது. "பாப்பாவா? நல்ல பேராத்தான் வெச்சிருக்கான்" என்றார். மாவோரி என்பவர்கள் அந்த நாட்டின் ஆதி ஜனங்கள். ஏறக்குறைய எழுநூறு வருஷங்களுக்கு முன்னால் பெரிய பெரிய படகுகளில் பசிபிக் கடலைக் கடந்து வந்து குடியேறியவர்கள். இன்றைக்கு அந்த நாட்டில் ஆறு பேருக்கு ஒருவர் மாவோரி என்கிறாள் தங்கை. அவர்களுடைய பழக்க வழக்கங்களைத் தெரிந்துகொள்ளத்தான் பிள்ளைகளை மியூசியத்துக்கு அழைத்துப் போனது.

போவதற்கு முன்னால் டீச்சர் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பிக்கொண்டு வரச் சொன்னாராம். மாவோரிகள் ஒரு சபையில் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்ளும்போது, நம்மைப்போல எடுத்த எடுப்பிலேயே பேரைச் சொல்வதில்லை. என் மலை இது, என் ஆறு இது, என் முன்னோர் வந்த படகு இது, என் ஜனங்கள் இன்னார், எங்கள் சபை வீடு இது என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் 'என் பேர் இது' என்பார்களாம். இதற்கு 'பெபெஹா' என்று பேர். வேறு நாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் அவரவர் ஊர்ப்படி எழுதலாம். கூடப் படிக்கும் பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். எங்கள் குட்டி பேரை மட்டும் எழுதிவிட்டு, மற்ற இடங்களைக் காலியாகவே வைத்துக்கொண்டு மியூசியத்துக்குப் போயிருக்கிறாள். அந்தத் தாளை நாலாக மடித்துப் பத்திரமாக எடுத்து வந்திருந்தாள்.

"நீ ஏன்டி சொல்லிக் கொடுக்கல?" என்று தங்கையைக் கேட்டேன்.

"எனக்கே தெரியலையேக்கா" என்றாள்.

அவளுக்குக் குரல் கம்மியதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. அவள் வந்ததே அம்மா வீட்டை விற்கக் கையெழுத்துப் போடத்தான். அம்மா போய் மூன்று வருஷமாகிறது. வீடு பூட்டியே கிடக்கிறது. ஓடு சரிந்து கொல்லைப்புறச் சுவர் இறங்கிவிட்டது. நான் தஞ்சாவூரில், அவள் கடல் கடந்து. யார் பார்த்துக்கொள்வது? பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். மார்கழியில் பத்திரம் வேண்டாம், தை பிறக்கட்டும் என்று நாள் குறித்திருந்தோம்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் குட்டி மியூசியத்துக் கதைகளைச் சொல்லுவாள். பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாக. அவள் தடுமாறும் இடங்களில் தங்கை எடுத்துக்கொடுப்பாள். அவளும் பத்து வருஷத்துக்கு மேல் அந்த ஊரிலேயே இருக்கிறவள் ஆயிற்றே. நான் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

மாவோரிகளின் சபைக்கு விருந்தாளிகள் வந்தால் முதலில் எழும் குரல் பெண் குரல்தானாம். வீட்டுப் பெண் ஒருத்தி நீட்டி முழக்கி அழைப்பாள். வந்தவர்கள் பக்கத்துப் பெண் பதில் குரல் கொடுப்பாள். அதற்கப்புறம்தான் ஆண்கள் பேச்செல்லாம். பிறகு ஒருவருக்கொருவர் மூக்கோடு மூக்கு வைத்து அழுத்திக்கொள்வார்கள். இருவர் மூச்சும் ஒன்றாகக் கலந்துவிட்டால் அப்புறம் விருந்தாளி இல்லை, வீட்டு மனிதர். குட்டி இதைச் செய்து காட்ட என் மாமியாரிடம் போனாள். எண்பது வயதுக் கிழவி கூச்சப்பட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்க்கவேண்டுமே!

சபை வீடு என்பது சும்மா கட்டடம் இல்லை. அது அவர்கள் குலத்து முன்னோர் ஒருவரின் உடம்பு. மோட்டுவளைதான் முதுகெலும்பு. இரண்டு பக்கமும் இறங்கும் கைமரங்கள் விலா எலும்பு. உள்ளே போவது பாட்டனார் மடிக்குள் போவதுபோல. அதனால் செருப்பை வெளியில் விட்டுவிட்டுத்தான் போவார்கள்.

வீட்டு நடைமுறைகளைச் சொன்னபோதுதான் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தலையணை மேல் உட்காரக்கூடாது, அது தலை வைக்கிற இடம். சாப்பாட்டு மேஜை மேல் ஏறி உட்காரக்கூடாது. பாத்திரம் துடைக்கும் துணியை உடுத்தும் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. மயானத்தை விட்டு வெளியே வந்தால் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். "இதையெல்லாம் சொல்லத் தெரிஞ்சுக்க அவ்வளவு தூரம் போகணுமா? நான் சொன்னா யாரு கேக்கிறீங்க?" என்று மாமியார் என்னைப் பார்த்தார். நான் சட்டென்று தலையணையிலிருந்து எழுந்துகொண்டேன்.

பொங்கல் சாமான் வாங்கக் கூட்டிப்போனபோது மார்க்கெட்டில் இன்னொரு வேடிக்கை. குவித்து வைத்திருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பார்த்துவிட்டு, "கூமரா! கூமரா!" என்று குதித்தாள். கிழங்கு விற்ற அம்மாள், "புள்ளைக்கு முருக பக்தி பாரு" என்றார்! மாவோரி பாஷையில் அந்தக் கிழங்குக்கு அதுதான் பேராம். படகில் வந்தபோதே விதைக்கிழங்கைக் கொண்டுவந்து பயிரிட்டார்களாம். குழி தோண்டி, கல்லைச் சுடவைத்து, அதன் மேல் கிழங்கையும் கறியையும் அடுக்கி, மண் போட்டு மூடி வேகவைப்பார்களாம். அன்றைக்கு நான் சாதாரணமாக இட்லிப் பானையில்தான் வேகவைத்தேன். இரண்டு கிழங்கு சாப்பிட்டாள்.

என் பெண் ஏழாவது படிக்கிறாள். பொங்கலுக்கு முன்னால் அவர்கள் வகுப்பைப் பெரிய கோயிலுக்கும் அரண்மனை மியூசியத்துக்கும் அழைத்துப் போக ஏற்பாடாகியிருந்தது. துணைக்கு இரண்டு அம்மாமார்கள் வரலாம் என்றார்கள். நான் பேர் கொடுத்தேன். வெளிநாட்டுக் குழந்தை ஒன்று வந்திருக்கிறது, அழைத்து வரட்டுமா என்று டீச்சரிடம் கேட்டதற்கு, "தாராளமாக" என்றார். குட்டி தாளையும் பென்சிலையும் பையில் போட்டுக்கொண்டாள். நான் புளியோதரை ஒரு தூக்கு, தயிர்சாதம் ஒரு தூக்கு. அவளுக்கு மட்டும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் தனியாக. குளிர்தேசத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நம் தண்ணீரும் வெயிலும் சட்டென்று ஒத்துக்கொள்ளாது. தொப்பி மறக்கவேண்டாம்.

பெரிய கோயிலை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். பிரதோஷத்துக்குப் போவேன், நந்தியைச் சுற்றுவேன், வந்துவிடுவேன். அன்றைக்கு டீச்சர் பிள்ளைகளைப் புல்தரையில் உட்காரவைத்துப் பாடம் சொன்னபோது நானும் மாணவி மாதிரி உட்கார்ந்துவிட்டேன். ராஜராஜன் 1010ல் கட்டி முடித்த கோயில். விமானம் 200 அடிக்கு மேல் உயரம். சுற்று வட்டாரத்தில் ஒரு பாறை கிடையாது. அவ்வளவு கருங்கல்லும் வெளியிலிருந்து இழுத்து வந்தது. இந்தக் கோயிலுக்குத் தட்சிணமேரு என்று பேர் என்றார் டீச்சர். வடக்கே மேரு மலை, தெற்கே இது.

குட்டி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "பெரியம்மா, மேருன்னா மலையா?"

"ஆமாம் கண்ணு."

"அப்போ இதுதான் நம்ம மலை!"

எழுதியும்விட்டாள். மலை இல்லாத ஊருக்கு ஒரு ராஜா மலை கட்டிக் கொடுத்திருக்கிறான். நாற்பது வயது தாண்டி, ஒரு சின்னப் பெண் கேட்டு எனக்கு உறைக்கிறது!

அரண்மனையில் பிள்ளைகளுக்கு முதலில் பிடித்தது திமிங்கிலத்தின் எலும்புக்கூடுதான். 1955ல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. பிள்ளைகள் விலா எலும்புகளை எண்ண ஆரம்பித்துச் சண்டையில் முடிந்தது. சரஸ்வதி மகால் பக்கம் அதிக நேரம் நிற்கவில்லை. சரபோஜி மன்னர் சேர்த்த சுவடிகளையும் படங்களையும் எட்டிப் பார்த்ததோடு சரி. வைத்தியத்தில் அவ்வளவு அக்கறை காட்டிய ராஜா. ஒருநாள் தனியாகப் போய்ப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கலைக்கூடத்தில் நுழையும்போது குட்டி செருப்பைக் கழற்றப் போனாள். "இங்கே வேண்டாம்மா, இது கோயில் இல்லை" என்றார் டீச்சர்.

"ஆனா உள்ள சாமிதானே இருக்கு?"

டீச்சர் சிரித்துவிட்டார், பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை. உள்ளே போனால் கருங்கல்லிலும் செம்பிலும் வரிசையாகத் தெய்வங்கள். விளக்கு இல்லை, பூ இல்லை. கைகள் தானாகக் குவிகின்றன. பிறகு யாராவது பார்க்கிறார்களோ என்று இறக்கிக்கொள்கிறோம்.

பிரம்மா சிலை ஒன்று. இந்தக் கலைக்கூடம் வந்ததற்கே அவர்தான் காரணம். எங்கள் கரந்தையில் கேட்பாரில்லாமல் இருந்தவரை, 1951ல் கல்கத்தா மியூசியத்துக்குக் கொண்டுபோக ஆள் வந்தார்களாம். கொண்டுபோகிறோம் என்றதும் ஊர் விழித்துக்கொண்டது, விடமாட்டோம் என்றது. கலெக்டராக இருந்த டி.கே. பழனியப்பன், இப்படிச் சிதறிக் கிடப்பவர்களையெல்லாம் இங்கேயே ஒரு கூரையின் கீழ் கொண்டுவரலாம் என்று அரண்மனையில் இடம் பார்த்தார். கேட்டுக்கொண்டிருந்த குட்டி, "நியூசிலாந்திலயும் இப்படி நடந்திருக்கு" என்றாள். வீட்டுக்கு வந்து தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1840களில் செதுக்கிக் கட்டிய ஒரு மாவோரி சபை வீட்டை, 1867ல் அரசாங்கம் அப்படியே பிரித்து எடுத்து வந்துவிட்டதாம். அந்த ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு, கடைசியில் 2012ல் வீடு அவர்களுடையதுதான் என்று சட்டமே போட்டாயிற்று. நாம் ஒரு பாட்டனார் சிலைக்காகப் பேசியதுபோல, அவர்கள் ஒரு பாட்டனாருக்காகப் பேசியிருக்கிறார்கள்.

திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ரிஷபவாகனரைப் பார்க்காமல் யாரும் வந்துவிடாதீர்கள். 1011ம் வருஷத்துச் செப்புத் திருமேனி. ஒரு கை காளையின் மேல் சாய்ந்திருக்கிற பாவனை. காளைதான் இல்லை, கை மட்டும் காற்றில் இருக்கிறது. தலைமுடியைப் பாம்போடு சேர்த்துச் சுற்றி முண்டாசுபோல முடிந்திருக்கும் நேர்த்தியை, தினம் பெண்ணுக்குத் தலை பின்னுகிற என்னைப் போன்றவள் அரைமணி நேரம் பார்க்கலாம். "காளை எங்க டீச்சர் போச்சு?" என்றான் ஒரு பையன். "மேயப் போயிருக்கு" என்றான் இன்னொருவன்.

சாமி சிலை என்றதும் பத்தூர் நடராஜரின் ஞாபகம் வந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டில் பெரியவர்கள் பேசிக் கேட்டது. இப்போதைய திருவாரூர் மாவட்டத்துப் பத்தூரில் 1976ல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்தவர், கை மாறிக் கை மாறி லண்டனுக்கே போய்விட்டார். அந்தக் கோயிலின் பேரிலேயே லண்டன் கோர்ட்டில் வழக்கு நடந்தது. பாழடைந்து கிடந்தாலும் கோயில் வழக்காடலாம் என்று கோர்ட் ஏற்றுக்கொண்டு 1988ல் தீர்ப்புச் சொன்னது. 1991ல் நடராஜர் திரும்பி வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன். "எங்க ஊர்ல ஆறே கோர்ட்டுக்குப் போகலாம்" என்றாள் குட்டி. ஃபங்கனுய் என்ற ஆற்றை 2017ல் ஒரு ஆள் மாதிரியே உரிமை உள்ளதாகச் சட்டம் செய்திருக்கிறார்களாம். அதன் சார்பாகப் பேச இரண்டு பேரையும் நியமித்திருக்கிறார்கள். எனக்கு அதிசயமாக இல்லை. ஆடிப் பதினெட்டுக்குக் காவேரிக்கு மசக்கை என்று சித்திரான்னமும் காதோலை கருகமணியும் கொண்டுபோய்ப் படைக்கிறவர்கள்தானே நாம்? ஆள் இல்லாமலா மசக்கை வரும்?

அப்போதுதான் அவள் மணிக் கதையைச் சொன்னாள். புளியோதரைக் கை காய்ந்துபோகும் வரை நாற்பது பிள்ளைகளும் அசையவில்லை.

வில்லியம் கொலென்ஸோ என்று ஒரு பாதிரியார். 1836 வாக்கில் நியூசிலாந்தின் வடக்குப் பக்கம் ஃபங்காரே பகுதிக்குப் போயிருக்கிறார். அங்கே மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் பாத்திரம் இல்லை, கவிழ்த்துப் போட்ட மணி! விளிம்பு உடைந்திருக்கிறது. சுற்றிலும் ஏதோ எழுத்து. 'ஏது இது?' என்றால், பெருங்காற்றில் ஒரு பெரிய மரம் சாய்ந்தபோது அதன் வேருக்குள் கிடைத்தது, ரொம்ப காலமாக எங்களிடம் இருக்கிறது என்றார்களாம். அவர் ஒரு இரும்புப் பானையைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். எழுத்து என்னவென்று பின்னால்தான் தெரிந்தது. தமிழ்! முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று எழுதியிருக்கிறது. அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை யாராலும் முடிவாகச் சொல்ல முடியவில்லை. அவர் இறந்தபின் மணி மியூசியத்துக்கு வந்தது. இப்போது தெ பாப்பாவின் சொத்து. டீச்சர் அதன் படத்தைக் காட்டி, "இதை வாசிக்கத் தெரிந்தவர்கள் யார்?" என்று கேட்டாராம்.

"நீ வாசிச்சியா?" என்றாள் என் பெண்.

குட்டி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குப் பேசத்தான் தெரியும்."

ஒரு பையன் எழுந்தான். நாகூர்ப் பக்கத்துப் பிள்ளை. "மணி எங்க ஊர்க் கப்பலோடதாத்தான் இருக்கும். எங்க பக்கம் நெறைய பேருக்கு முகைதீன்னு பேரு" என்றான் அடித்துச் சொல்லும் குரலில். டீச்சர், "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து கீழ்த்திசை தேசங்களுக்கு நம் முஸ்லிம் வியாபாரிகள் கப்பல் விட்டது நிஜம்" என்றார். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. படகுக்கான இடத்தில் குட்டி மணி ஒன்றை வரைந்துகொண்டாள். அதற்குக் கீழே அந்தப் பையன் தமிழில் 'கப்பல்' என்று எழுதிக் கொடுத்தான்.

'ஜனங்கள்' என்ற இடத்துக்கு வந்தபோது எனக்குத்தான் பகீரென்றது. மாவோரிகள் அதில் குலத்தின் பேரைச் சொல்வார்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு வாசனை இருக்கிறதே! நாற்பது பிள்ளைகள் நடுவில் சத்தமாக வேறு கேட்டுவிட்டாள். "தமிழ்ன்னு எழுது" என்றேன் அவசரமாக. எழுதிக்கொண்டாள். எனக்கு மூச்சு வந்தது.

அன்றிரவு தங்கையைக் கொஞ்சம் கடிந்துகொண்டேன், பெண்ணுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று. அவள் கோபிக்கவில்லை. மாவோரிப் பாஷைக்கும் ஒரு காலத்தில் இந்தக் கதிதான் என்றாள். பள்ளிக்கூடத்தில் பேசினால் பிள்ளைகளுக்கு அடி. அடி வாங்கி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் அதைப் பேசவில்லை. வீட்டில் பாட்டிமார்கள் மட்டும்தான் மிச்சம். 1982ல் அந்தப் பாட்டிமார்களை வைத்தே பாலர் பள்ளிகள் ஆரம்பித்தார்கள். 'மொழிக்கூடு' என்று அர்த்தம் வருகிற பேர். கைக்குழந்தை முதல் அங்கே பாட்டி பேசும் பாஷை ஒன்றுதான், தூங்கவைப்பதும் சோறூட்டுவதும் அதில்தான். ஐந்து வருஷத்தில், 1987ல், அது ஆட்சிமொழியாகவும் ஆயிற்று. முதல் கூடு வெலிங்டனுக்குப் பக்கத்தில்தான் திறந்தார்களாம். "எனக்குத்தான் அங்க ஒரு பாட்டி இல்ல" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பதிமூன்று கிலோமீட்டருக்குள்தான். அதற்குள் எத்தனை ஆறு! கரந்தையில் வடவாறு. பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு. பிறகு வெட்டாறு. அப்புறம் குடமுருட்டி. கடைசியில் காவேரி. மேட்டூர்த் தண்ணீர் இன்னும் நிறுத்தவில்லை, ஐந்திலும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சம்பாக் கதிர் தலை சாய்ந்து மஞ்சள் தட்டிக்கொண்டிருந்தது. பாலத்துக்குப் பாலம் குட்டி விரல் மடக்கினாள். திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறையில் இறங்கிக் கால் நனைத்தோம். பிறகு வந்த வழியே திரும்பிக் குடமுருட்டிக் கரையோடு போகும் சின்ன ரோட்டில் எங்கள் ஊர்.

"அப்போ நம்ம ஆறு காவேரி இல்லையா? இதா?"

நானும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் நீந்தக் கற்றது, துணி துவைத்தது, அம்மா தண்ணீர் எடுத்தது எல்லாம் குடமுருட்டியில்தான். கேட்கிறவர்களிடம் காவேரிக் கரை என்று சொல்லிப் பழகிவிட்டோம். திருக்காட்டுப்பள்ளியில் காவேரியிலிருந்து பிரிகிற ஆறு இது. காவேரியின் பெண் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எழுத்துக் கூட்டி நானே சொல்லிக்கொடுத்தேன். கு, ட, மு, ரு, ட், டி. குடத்தை உருட்டுகிற ஆறு என்றதும் அவளுக்கு ஒரே சிரிப்பு.

வீட்டுக் கதவைத் திறக்கப் படாத பாடு பட்டோம். உள்ளே வௌவால் வாடை. கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்த குட்டி, "முதுகெலும்பு" என்று மோட்டுவளையைக் காட்டினாள். "அங்க ரெண்டு விலா ஒடஞ்சிருக்கு."

கொல்லையில் கிணற்றடிக்கு அந்தப் பக்கம் ஒரு வயசான நார்த்தை மரம். நாங்கள் இருவரும் அந்த வீட்டில், அந்த நடுஅறையில் பிறந்தவர்கள். மருத்துவச்சிப் பாட்டி எங்கள் நஞ்சுக்கொடியை அந்த மரத்தடியில்தான் புதைத்தாள் என்று அம்மா சொல்லுவாள். அதைச் சொன்னதும் தங்கை மரத்தில் கையை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள். குட்டி பிறந்தபோது பிரசவம் பார்த்த நர்ஸ், "நஞ்சுக்கொடியை வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா?" என்று கேட்டாராம். அங்கே அப்படிக் கேட்பது வழக்கம். மாவோரி பாஷையில் நஞ்சுக்கொடிக்கும் மண்ணுக்கும் 'ஃபெனுவா' என்று ஒரே சொல்தான். குடும்பத்து மண்ணில் அதைப் புதைத்தால்தான் பிள்ளைக்கு அந்த இடம் சொந்தம். "நமக்கு ஏது இங்க மண்ணுன்னு நெனச்சு, வேண்டாம்னு சொல்லிட்டேன் அக்கா. அப்ப வாடகை வீடு. என்ன பண்ணியிருப்பாங்கன்னுகூடக் கேக்கல."

பிரசவமான புதிதில் எந்தப் பெண்ணுக்கு எதுதான் யோசிக்கத் தோன்றும்? அதைத்தான் அவளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், ஆனால் மரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

வீட்டை விற்கவேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் ஆகும். என் பெண்ணின் படிப்பு இருக்கிறது, அவளுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. தை பிறந்து நாலாம் நாள் பத்திரம் முடிந்தது. வாங்கியவரிடம் ஒன்று மட்டும் கேட்டோம், நார்த்தை மரத்தை வெட்டவேண்டாம் என்று. சரி என்றிருக்கிறார், நல்ல மனுஷர்.

மரத்தடி மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போகவேண்டும் என்று குட்டி அடம் பிடித்தாள். நடக்காத காரியம். நியூசிலாந்தில் மண்ணையோ விதையையோ உள்ளே விடவே மாட்டார்கள். செருப்பில் சேறு ஒட்டியிருந்தால்கூடச் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் அபராதம். அழுதுவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்தத்தான் பரணில் ஏறிப் பழைய பாத்திரங்களை இறக்கினேன். அம்மாவின் வெண்கலப் பானை கிடைத்தது. பொங்கலுக்கும் வெண்பொங்கலுக்கும் மட்டும் எடுப்பாள். பித்தளை மாதிரி இதற்கு ஈயம் பூசவேண்டாம், புளி சேர்ந்த சமையலை மட்டும் இதில் வைக்கக்கூடாது. அம்மாவிடம் இருந்த அண்டா, குண்டான் எல்லாவற்றையும் முன்னொரு தடவை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கிக்கொண்டவள் நான்தான். இது எப்படியோ தப்பியிருக்கிறது.

பெண்களுக்குத் தெரியும், வெண்கலம் வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவோம். குட்டி சுண்டினாள். கணீரென்று நீண்டு ஒலித்தது. "பெரியம்மா, மணி!" என்றாள். ஆமாம், மணி வார்ப்பதும் இதே உலோகத்தில்தானே!

பெட்டியில் முப்பது கிலோதான் அனுமதி. ஊறுகாயும் பொடி வகைகளும் வெளியே வந்தன, பானை உள்ளே போயிற்று. புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, உள்ளே குட்டியின் காலுறைகளை அடைத்து அனுப்பினேன். வெலிங்டன் போய்ச் சேர்ந்ததும் தங்கை போன் செய்தாள். விமான நிலையத்தில் அதிகாரி பானையைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்து, மண் ஏதும் இல்லை என்று தெரிந்துகொண்டு, இது என்ன என்று கேட்டாராம். குட்டி முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறாள்.

அன்று ராத்திரியே அதில் உருளைக்கிழங்கு வேகவைத்தார்களாம்.